எல்லைக் கல்லைத் தாண்டாத ராஜா

கணேசா,

நீ இருப்பது இதே லயத்து வரிசை வீடுகளில், நாலு காம்பரா தள்ளி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வந்தேன். முதல் தடவை நீ தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை பார்வதி மசக்கையில் சுருண்டு படுத்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை நீ சும்மாதான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். "என்னம்மா?" என்று கேட்டாய். "தேத்தண்ணி குடிச்சியான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பயம்தான், வேறு ஒன்றுமில்லை. அதனால் உன் பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை நீ ராகலையில் பஸ் ஏறி, நானுஓயாவில் ரயில் பிடித்து, தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறாய். "நீங்களும் வாங்கம்மா, உங்க பேரையும் சேர்த்தாச்சு" என்று ஒரு மாதமாகக் கேட்கிறாய். என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரன் நீ, கடைசித் தாளை முதலில் புரட்டுவாய் என்று எனக்குத் தெரியும். புரட்டாதே. நடுவில் இருப்பதைப் படித்த பிறகுதான் அதற்கு அர்த்தம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். பார்வதிக்குப் படித்துக் காட்டு. லயத்தில் யார் வந்து கேட்டாலும் உரக்கப் படி. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

உன் அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் மூன்று வருஷம் நீ அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. "அந்த ஆளுக்குச் சோறு போடுங்க", "அந்த ஆளு வந்தாச்சா" என்றுதான் பேசினாய். மண் போட்ட அன்றுகூட உன் வாயில் அந்தச் சொல் வரவில்லை. கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நீ நினைத்தாய். அந்தக் கோபத்தை நீ கப்பலில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை தாளும்.

என் புருஷன் ராஜா. வருஷத்தில் பதினெட்டு நாள் ராஜா. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது, அதை மறைக்க மாட்டேன். எத்தனையோ தோட்டத்தில் எத்தனையோ கூத்து ஆடுகிறார்கள். கண்டியை ஆண்ட கடைசி ராஜாவை ஆடுகிற தோட்டம் நம்முடையது மட்டும்தான். உன் அப்பாவின் தாத்தா கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தபோது பாட்டுக் கட்டி, பிறகு இந்த மலைக்கு வரும்போது கொண்டுவந்த ஆட்டம் அது. உன் பிள்ளை அங்கே பிறந்து, "நம்ம தாத்தா எந்த ராஜா வேஷம் கட்டினாரு?" என்று கேட்டால் நீ முழிக்கக் கூடாது. நீ ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டவன். அதனால் கதையையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கண்டியில் சிங்கள ராஜாக்கள் இருந்த காலத்தில் அவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து ராணி எடுப்பது வழக்கம். ஒரு ராஜாவுக்குப் பட்டத்துப் பிள்ளை இல்லாமல் போனது. ராணியின் தம்பியைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவரோடு நாயக்கர் வம்சம் தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராக நாலு பேர் ஆண்டார்கள். வீட்டுக்குள்ளே தமிழும் தெலுங்கும் பேசினவர்கள், வெளியே வந்து சிங்கள சனத்துக்கு ராஜாவாக இருந்தார்கள். சும்மா இருந்துவிடவில்லை. பௌத்தத்தில் துறவிகளுக்குத் தீட்சை கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போனபோது, சீயம் என்கிற தூர தேசத்திலிருந்து துறவிகளை வரவழைத்து அந்தச் சமயத்தை நிமிர்த்தியது அந்த வம்சத்து ராஜா ஒருவர்தான். கடைசி ராஜா சின்ன வயசில் பட்டத்துக்கு வந்தார். கண்டி ஏரியை வெட்டியவர் அவர். பிரதானிகளுக்கும் அவருக்கும் பகை முற்றியது, வெள்ளைக்காரன் உள்ளே வந்தான், ராஜாவைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினான். ராஜாவின் காடு வெள்ளைக்காரன் கைக்குப் போய் முதலில் கோப்பி ஆனது, பிறகு தேயிலை ஆனது. அவரை இங்கிருந்து அந்தக் கரைக்கு ஏற்றி அனுப்பிய அதே கைதான் நம்மை அந்தக் கரையிலிருந்து இங்கே இறக்கியது. உன் அப்பா ஆட்டத்தில் இந்த இடத்தைப் பாடும்போது துரை பங்களா நாய்கூடக் குரைக்காது என்று நான் கேலி செய்வேன்.

காப்புக் கட்டுவது உனக்குத் தெரியும். ஆட்டத்துக்குப் பதினெட்டு நாள் முன்னால் மாரியம்மன் கோயிலில் ராஜாவின் வலது கையில் மஞ்சள் நூலைக் கட்டுவார்கள். கட்டிய பிறகு கவிச்சி கிடையாது, வீட்டில் படுக்கை கிடையாது, கோயிலில்தான் படுக்க வேண்டும். யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவர் யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது. அதற்காகவே பெரிய கங்காணி அவரைக் காலையில் வேலைக்கு வரிசை கட்டி நிற்கிற பெரட்டுக்கு வரவிடாமல், மலையில் தண்ணீர் வடிகிற கான்களை வெட்டுகிற வேலையைத் தனியாக ஒதுக்கிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. பதினெட்டாம் நாள் விடிய விடிய ஆடி, சூரியன் வரும்போது வெள்ளைக்காரச் சிப்பாய் வேஷம் போட்ட இரண்டு பேர் ராஜாவை அந்தக் கல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். கல்லுக்கு இந்தப் பக்கமே கிரீடத்தைக் கழற்றி, காப்பை அறுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து ஓடையில் குளிப்பார். அப்போது போகிறவர் வெறும் ஆள்தான். நம் ஆட்டத்தில் ராஜா எல்லையைத் தாண்டுவதே இல்லை. நடுவில் காப்பை அவிழ்த்தவன் மறுபடி ராஜா ஆக முடியாது. அவன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும்கூட அது இல்லை. காப்பு வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

உன் அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போன நான்தான் தாத்தாவின் பாட்டுக் கொப்பியை வாசித்துக் காட்டுவேன். திரைக்குப் பின்னால் நின்று அடி எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ராஜாவுக்குத் தொண்டை, ராணிக்குக் கண் என்று லயத்தில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததைத்தான் அவர் தெரிந்துகொள்வார், நான் வாசித்ததைத்தான் அவர் நம்புவார். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

இப்போது அப்புஹாமியைப் பற்றி. எல்லைக்கு அந்தப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற சிங்களக் கிழவர். அவர் வருஷா வருஷம் ஒரு கட்டு வெற்றிலையோடு ஆட்டம் பார்க்க வருவார். ராஜாவின் காலடியில் வெற்றிலையை வைத்துவிட்டுத்தான் உட்காருவார். உனக்குப் பத்து வயசு இருக்கும்போது, ஆட்டம் முடிந்த காலையில், உன் அப்பா குளித்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அப்புஹாமி பக்கத்தில் வந்து குந்தினார். "ராஜா நல்லா ஆடினது. ஆனா அந்த மந்திரி புள்ளைங்க எங்க?" என்று கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளைக்காரனோடு சேர்ந்துகொண்ட மந்திரியின் குடும்பத்தை ராஜா பிடித்துவந்து, பிள்ளைகளைத் தாயின் கண் முன்னால் கொன்ற கதை அது. தாயின் கையிலேயே உலக்கையைக் கொடுத்த உரலைப் பற்றியும் சொல்வார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. சிங்கள வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அழுகிறார்கள். நம் கொப்பியில் அந்த இடம் இல்லை. தாத்தா எழுதவில்லை.

அடுத்த வருஷம் உன் அப்பா அந்த இடத்தைச் சேர்த்தார். பெரிய கங்காணி குதித்தார். "நம்ம ராஜாவ நாமளே அசிங்கப்படுத்துறதா? சிங்களவன் வேற முன்னால உக்காந்திருப்பான்" என்றார். உன் அப்பா நிதானமாகத்தான் சொன்னார்: "செஞ்சத செஞ்சாருன்னு சொல்லணுமுங்க. அப்பதான் ஏரி வெட்டுனாருன்னு நாம சொல்றதயும் நம்புவாங்க." அந்த இடத்துக்குப் பாட்டு வேண்டாம் என்றார். மேளத்தையும் நிறுத்தச் சொன்னார். கிரீடத்தோடு நடுவில் நின்று, "இது நான் செஞ்ச பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார். அடி எடுத்துக் கொடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னால் நானும் சும்மா நின்றேன். அதற்கு அடுத்த வருஷம் அப்புஹாமி தன் பெண்சாதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் புருஷனைப் பற்றி நான் பெருமைப்படுகிற விஷயங்களில் இது முதலாவது. ராஜா வேஷம் கட்ட நாலு பேர் கிடைப்பார்கள், ராஜாவின் குற்றத்தைக் கட்டிக்கொள்ள ஆள் கிடைக்க மாட்டார்கள்.

அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், மலைத் தண்ணீர் விழுகிற பீலியடியில் என் குடத்துக்கு இடம் கிடையாது. வீரமுத்து பெண்சாதி செகப்பாயி என் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்து, "வெளித் தோட்டத்துலேருந்து வந்தவங்க கடைசியில புடிங்க" என்பாள். மழையோ பனியோ, எல்லோரும் பிடித்துவிட்டுப் போன பிறகுதான் எனக்குத் தண்ணீர். கொழுந்து பறிக்கப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்குவேன். உன் அப்பாவின் கையில் முதல் தடவை காப்பு ஏறிய மறுநாள் காலையில் பீலியடிக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் விலகினார்கள். செகப்பாயியே தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். ராணி பிடித்த பிறகுதான் மற்றவர்கள். தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் அன்றைக்கு எனக்கு மேளம்போலக் கேட்டது. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் நான் யாரோ ஒரு கூலிக்காரி, பதினெட்டு நாள் முதல் குடம் என்னுடையது. அந்த ருசி உனக்குப் புரியாது. ஆண்பிள்ளைகள் தண்ணீருக்கு நிற்பதில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயசு. நாடு சுதந்திரம் வாங்கி, நம்மைக் குடிகளாக எண்ணாமல் விட்டு, பிறகு வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி, எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். காப்புக் கட்டிய மூன்றாம் நாள், துரையின் ஆபீசான தோட்டக் கந்தோருக்குக் கடிதம் வந்தது. ராஜா கந்தோரில் போய்க் கைகட்டி நிற்கக் கூடாது என்று நான் போனேன். கிளாக்கர் ஐயா இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் நுவரெலியாவில், கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீசில் விசாரணை, குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும். எண்ணிப் பார்த்தேன். காப்பின் ஒன்பதாம் நாள்.

"வேற நாள் கேக்க முடியாதுங்களா?" என்றேன்.

"எழுதிப் பாக்கலாம். ஆனா குடுப்பாங்கன்னு நம்பிறாதீங்க. ஆள் வரலேன்னா மனுவத் தள்ளிருவாங்க. புள்ள இருக்கில்ல உங்களுக்கு? காப்ப அவுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார் கிளாக்கர் ஐயா. இப்படித்தான் சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கோயிலுக்குப் போனேன். உன் அப்பா கான் வெட்டிவிட்டு வந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தேதியைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த மஞ்சள் நூலைப் பார்த்தார். "அவுத்துருவோம் புள்ள" என்றார். "நம்ம கணேசனுக்காகத்தானே. அவன் படிக்கிற புள்ள. ராஜா வேஷம் வேற யாராச்சும் கட்டட்டும்."

வேறு யாராச்சும் என்றால் யார்? அடுத்த காப்பு வீரமுத்துவுக்கு. அதாவது செகப்பாயிக்கு. என் கண்ணுக்கு முன்னால் பீலிதான் தெரிந்தது, நீ தெரியவில்லை. பெற்ற தாய் எழுதுகிறேன் இதை. உன் முகம் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியவில்லை.

"அவுக்க வேணாமுங்க" என்றேன். "கிளாக்கர் ஐயா எழுதிக் கேக்கிறாராம். வேற நாள் கட்டாயம் குடுத்துருவாங்களாம். அவரே சொல்லிட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் பாட்டுக் கொப்பியில் அடி எடுத்துக் கொடுக்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் நம்பினார். திரும்பிப் போய்க் கிளாக்கர் ஐயாவிடம், "ராஜா வரமாட்டாராம், வேற நாள் எழுதிக் கேளுங்க" என்று சொன்னதும் நான்தான். அந்த வருஷ ஆட்டம் எந்த வருஷத்தையும்விட நன்றாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மனுவைத் தள்ளிவிட்டதாகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை உன் அப்பாவே கந்தோருக்குப் போனார். போய்விட்டு வந்து, தேத்தண்ணி கேட்டுக் குடித்தார். "தள்ளிட்டாங்களாம் புள்ள" என்றார். மறுநாள் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார்.

அந்த மாதத்திலேயே நம் இரண்டு பேரையும் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏரியில் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கரையில் இளநீர் விற்ற ஒரு சிங்களக் கிழவரிடம், இந்த ஏரியை யார் வெட்டியது என்று உன் அப்பா சிங்களத்தில் கேட்டார். தெரியாதவர்போலக் கேட்டார். கிழவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அபே ரஜ்ஜுருவோ" என்றார். எங்கள் ராஜா என்று அர்த்தம். உன் அப்பா, "எங்களுக்கும் அவர்தான் ராஜா" என்று சிங்களத்திலேயே சொன்னார். கிழவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு. மனுவைத் தள்ளிவிட்ட அந்த மாதத்தில் உன் அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். வம்சம் முடிந்து நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது, சிம்மாசனம் போய்விட்டது, ஆனால் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. சிங்களவன், தமிழன் என்று இரண்டு சாதிக்காரனும் அதன் கரையில் நின்று நம்முடையவர் என்று சொல்கிறான். ஒரு ராஜாவுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

பிறகு நீ படித்துக் கடைசி வகுப்புப் பரீட்சையைப் பாஸ் பண்ணினாய். இந்த லயத்திலிருந்து அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணிய முதல் பிள்ளை. வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டாய், பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு இல்லை என்றார்கள். அன்றைக்கு நீ வந்து வாசலில் நின்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "பதினெட்டு நாள் ராஜா வேஷம் கட்றதுக்கு என்னைய நாடில்லாதவனா ஆக்கிட்டீங்க. உங்க கிரீடம் பெருசா, நான் பெருசா?" என்றாய். உன் அப்பா, "என் தப்புதாம்ப்பா" என்றார். நான் அடுப்படியில் ரொட்டி மாவைப் பிசைந்த கையோடு நின்றேன். ஒரு அடி முன்னால் வைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மாவு கையில் காயும் வரைக்கும் நின்றேன், சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் உனக்கு "அந்த ஆள்" ஆனார்.

அவர் போவதற்கு நாலு நாள் முன்னால், மத்தியானம், நீ வேலைக்குப் போயிருந்தாய். இருமல் கொஞ்சம் விட்டிருந்தது. தலையணையைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தேன். "கிளாக்கர் ஐயா அன்னைக்கே சொல்லிட்டாரு புள்ள" என்றார். எனக்குப் புரியவில்லை. "தள்ளிட்டாங்கன்னு கடிதம் வந்த அன்னைக்கு. காப்ப அவுத்துட்டு வரச் சொல்லி உங்க பொஞ்சாதிகிட்டச் சொன்னேனே, அவங்க சொல்லலியான்னு கேட்டாரு."

பத்து வருஷம். பத்து வருஷமாகத் தெரியும் அவருக்கு. என் கையில் சோறு வாங்கிச் சாப்பிட்டு, என் குரலைக் கேட்டு ஆடி, நீ ஏசியதை எல்லாம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?" என்றேன்.

"நீ சொன்னே, நான் நம்புனேன். நம்பணும்னு எனக்கும் ஆசதானே. கிரீடத்த எறக்கி வைக்க எனக்கு மட்டும் மனசு வந்திச்சா?" என்றார். பிறகு, "அவன்கிட்ட சொல்லிராத. ரெண்டு பேரயும் வெறுத்துட்டா அவன் யாருகிட்ட போவான்? நீயாச்சும் அவனுக்கு மிச்சமா இரு" என்றார்.

அவர் எனக்குப் போட்ட கடைசிக் கட்டளை அதுதான். நாற்பது வருஷமாக அவர் சொல்லை மீறாதவள், இப்போது மீறுகிறேன். ராஜா செய்த பாவத்தைச் சபையில் சொல்ல வைத்தவர் அவர். அவருடைய பெண்சாதி மட்டும் தன் பாவத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரியலாமா? உரக்கப் படி என்று மேலே எழுதினேனே, அது இதற்காகத்தான். பெரிய கங்காணி வீட்டிலும் கேட்கட்டும், செகப்பாயி வீட்டிலும் கேட்கட்டும். உன்னை நாடில்லாதவனாக ஆக்கியது உன் அப்பாவின் கிரீடம் இல்லை, என் குடம்.

மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன், ஆனால் பதில் சொல்ல வேண்டாம்.

அவர் போன பிறகு காப்பு உன்னுடையது என்று கோயில் சபைக்காரர்கள் வந்து கேட்டபோது நீ முடியாது என்றாய். இரண்டு வருஷமாக ஆட்டம் இல்லை. கிரீடம் என் பரணில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டி, தளர்ந்திருந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, ராஜா சட்டையையும் துவைத்து மடித்து, நானே வீரமுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டுக் கொப்பியையும் கொடுத்தேன். வீரமுத்துவுக்கும் எழுத்து தெரியாது. செகப்பாயிக்கும் தெரியாது. "யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்று அவள் கேட்டாள். "நான்தான்" என்றேன். மந்திரி பிள்ளைகள் வருகிற இடத்தை எடுக்கக் கூடாது, அது ஒன்றுதான் நான் போட்ட நிபந்தனை. இந்த வருஷம் பதினெட்டு நாளும் முதல் குடம் அவளுக்கு. நான் போய்க் கடைசியில் நிற்பேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ போகிற ஊர் பார்வதியின் மாமா இருக்கிற வேலூர்ப் பக்கம். நம் ராஜாவைக் கொண்டுபோய் வைத்த வேலூர்தான். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறதாம், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். முடிந்தால் போய்ப் பார். இங்கே அவரோடு பகைத்துக்கொண்ட பிரதானிகள் அவரை வடுகன் என்றார்கள், அந்நியன் என்று அர்த்தம். அங்கே போன பிறகு அவர் சாகும் வரைக்கும் கண்டி ராஜா. இங்கே உன்னை இந்தியாக்காரன் என்கிறார்கள். அங்கே போனால் கண்டிக்காரன் என்பார்களாம், போனவர்கள் கடிதம் எழுதுகிறார்கள். சுருக்கென்றுதான் இருக்கும். நீ தலையைக் குனியாதே. ஒரு ராஜாவுக்கு இருந்த பேர் அது. அவர் ஏரியை விட்டுவிட்டுப் போனார். நம் ஆட்கள் இந்த மலை முழுக்கத் தேயிலையை நட்டு வைத்திருக்கிறார்கள். யார் எழுதிய எந்தத் தாளும் அதைப் பிடுங்கிப் போட முடியாது.

பார்வதியிடம் பொய் சொல்லாதே. அவளையும் உன்னிடம் பொய் சொல்ல வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவராதே. அவளுக்கு எந்த இடத்தில் மரியாதை கிடைக்கிறது, எந்த இடத்தில் கிடைக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள். உன் அப்பா எத்தனையோ நல்லவர், ஆனால் பீலியடியில் எனக்கு என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்டிருந்தாலோ சொல்லியிருந்தாலோ அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கச்சேரிக்குப் போயிருப்பார். பிள்ளை பிறந்தால் ஆணோ பெண்ணோ எழுத்துப் படிக்க வை. அடுத்தவர் வாசித்துக் காட்டுவதை நம்பி இருக்கிற நிலைமை அதற்கு வேண்டாம்.

இப்போது என் பதில். நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, உன் மேல் எனக்கு ஆசைதான் இருக்கிறது, வாசற்படியில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க எந்தக் கிழவிக்குத்தான் கை ஊறாது. ஆனால் இரண்டு நாட்டுக்காரர்களும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று முடிவு பண்ணியிருக்கிறார்களாம். இங்கே இருக்கிறவர்களின் பேரை எடுக்க வரத்தான் போகிறார்கள். அப்போது நான் நுவரெலியாவுக்குப் போவேன். எந்த நாள் சொன்னாலும் போவேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவர் ஊர் எது, எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டால், என் புருஷன் போகாமல் விட்ட விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொல்வேன். கிடைக்குமோ கிடைக்காதோ, அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை நான் நிற்க வேண்டும்.

நீ எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அவருக்கு ஒன்று செய். வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போகும்போது எல்லைக் கல்லடியில் கொஞ்சம் நில். கல்லுக்கு இந்தப் பக்கம், சவுக்கு மரத்துக்குக் கீழேதான் அவரைப் புதைத்திருக்கிறோம், நீயே குழி வெட்டிய இடம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிடு. பிறகு கல்லைத் தாண்டிப் போ. பீலியடியிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும், சத்தம் போட்டால் கேட்கவும் கேட்கும். நான் அங்கேதான் நிற்பேன், கடைசிக் குடத்தோடு. என்னை அம்மா என்று கூப்பிட அன்றைக்கு உனக்கு வாய் வராவிட்டாலும் பரவாயில்லை. அவரைக் கூப்பிட்டது என் காதில் விழுந்தால் போதும்.